பெரியவனுக்கு ஒரு நல்லி

அந்தக் காலத்தில் ஒருவரைக் கல்லூரியில் சேர்க்க ஏழு தாள்கள் வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பள்ளி மாற்றுச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று, அம்மை குத்திய தழும்பைக் கண்ணால் பார்த்ததாக ஒரு டாக்டரின் கையெழுத்து, நம்மை முன்பின் பார்த்திராத ஓர் அதிகாரி நம் நன்னடத்தைக்குப் பச்சை மையில் தரும் உறுதி. கடைசியாகப் பெற்றோர் உறுதிமொழி. இதில் அப்பா கையெழுத்துப் போடாவிட்டால் மற்ற ஆறும் வடை மடிக்கத்தான் உதவும். முப்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தாள்களைச் சரிபார்த்தே சம்பளம் வாங்கியவள் நான். ஆகவே இந்த வரிசையில் எதுவும் விடுபட்டிருக்காது என்று நம்பலாம்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு ஜூன் சனிக்கிழமை, என்னுடைய ஆறு தாள்கள் ஒரு மஞ்சள் பையில் இருந்தன. ஏழாவது தாள் அப்பாவின் சட்டைப் பையில், கையெழுத்தில்லாமல் மடிந்து கிடந்தது. திங்கட்கிழமை மதியத்துக்குள் அது கல்லூரி ஆபீசுக்குப் போகாவிட்டால் என் இடம் அடுத்தவளுக்கு.

கையெழுத்துப் போட அப்பா தயார். அம்மாதான் விடவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதேபோல ஒரு ஜூன் சனிக்கிழமை, இதே கல்லூரியில் என் அண்ணனைச் சேர்த்தோம். எங்கள் வீடு அம்பத்தூர் பக்கத்துக் கள்ளிக்குப்பத்தில். கல்லூரி பூந்தமல்லியைத் தாண்டி டிரங்க் ரோட்டில். இரண்டு பஸ் மாறிப் போய்வர முடியாது என்பதால் ஆஸ்டல். எங்கள் குடும்பத்தில் பள்ளியைத் தாண்டியவன் அவன்தான் முதல். தாத்தா வரையில் அம்பத்தூர் ஏரிப் பாசனத்தில் மற்றவர்கள் நிலத்தில் நாற்று நட்டவர்கள். ஆபீஸ் குமாஸ்தா, சிவப்புத் துணி அட்டை போட்ட ஒரு பெரிய புத்தகத்தை விரித்து அவன் பேரை எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாய்யா எழுதுற?" என்று கேட்டாள். அவர் நல்ல மனநிலையில் இருந்திருக்க வேண்டும். "இனிமே உன் புள்ள எங்க புள்ளமா" என்றார்.

கல்லூரி திறப்பதற்குள் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. பேர் எழுதிய பத்தொன்பதாம் நாள் செத்துப்போனான். விஷக் காய்ச்சல் என்றார்கள். அந்தக் காலத்துக்கு அவ்வளவு காரணம் போதும்.

அம்மாவுக்குப் போதவில்லை. காய்ச்சல் எல்லார் வீட்டுக்கும்தான் வருகிறது, அந்தப் புத்தகத்தில் பேர் ஏறியதுதான் அவனைக் கொண்டுபோனது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். இப்போது என் பேரை அதில் ஏற்றப்போகிறார்கள். அம்மாவை ஆஸ்டலைப் பார்க்கவைத்தால் மனசு மாறும் என்று அப்பா ஒருநாள் லீவு போட்டு எங்கள் இரண்டு பேரையும் அழைத்து வந்திருந்தார். அம்மா சுற்றுச்சுவரைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள், வார்டனம்மாவின் மூக்குத்தியைப் பார்த்தாள். "பாத்தாச்சு. ஊட்டுக்குப் போலாம்" என்றாள்.

பூந்தமல்லி பஸ் நிலையத்தில் வந்து நின்றோம். மணி பன்னிரண்டரை. காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை. அப்பா ரோட்டைக் கடந்து ஒரு பச்சைத் திரைக்குள் நுழைந்தார். நாங்களும் நுழைந்தோம். உட்கார்ந்த பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று மூன்று பேருக்கும் உறைத்தது.

அப்பா வேண்டுமென்று செய்யவில்லை. அவருக்கு அந்த ஒரு ஓட்டல்தான் தெரியும். நாங்கள் குடும்பமாக வெளியில் சாப்பிட்டது அதுவரை ஒரே ஒரு தடவை. அண்ணனைச் சேர்த்த அன்று, "பாஸ் பண்ணவன் கேக்கறான், பிரியாணி வாங்கிக் குடுங்க" என்று அம்மாவே சொல்லி, இந்த பாய் ஓட்டலுக்கு வந்தோம். பெண்களோடு வருகிறவர்களுக்கென்று திரை போட்ட ஃபேமிலி ரூம், பளிங்கு மேஜை, நாலு நாற்காலி. அதே அறை, அதே மேஜை.

அந்த முதல் தடவை அண்ணன் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். தட்டில் ஒரு நல்லி எலும்பு வந்தது. உள்ளே இருக்கும் கொழுப்பை எப்படி எடுப்பது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. வீட்டில் கறி வாங்கினால் நல்லி எங்கள் பங்குக்கு வந்ததில்லை. அவன் ஊதிப் பார்த்தான், உறிஞ்சிப் பார்த்தான், கடைசியில் மேஜை விளிம்பில் ஓங்கி ஒரு அடி அடித்தான். பளிங்கில் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு தெறித்தது. கொழுப்பும் சால்னாவும் பரிமாறிக்கொண்டிருந்த பாயின் வெள்ளைச் சட்டை மேல் தெறித்தன. அம்மா எழுந்து நின்றுவிட்டாள். பாய் சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா நைனா, என் மேல இன்னா கோவம் உனக்கு? நல்லிய அடிக்கக் கூடாதுபா. கைய மூடி, அது மேல தட்டணும். இத பார்." முஷ்டியை மடக்கி அதன்மேல் எலும்பைத் தட்டினார். வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அண்ணன் வாயைப் பிளந்தான். "காலேஜிக்குப் போறவன், இது தெர்ல!" என்று பாய் அவன் தலையில் தட்டிவிட்டுப் போனார்.

இரண்டு வருஷம் கழித்து அதே பாய் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். தோளில் துண்டு, கையில் நாலு தட்டு. எங்களைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, வா அண்ணாத்தே! ரெண்டு வருசமாச்சா? எங்க நம்ம நல்லிக்காரன்? வர்ல?"

அப்பா ஆவடியில் ஒரு பெரிய தொழிற்சாலையின் வாசலில் டைம் கீப்பர். ஆள் உள்ளே நுழையும் நிமிஷத்தை எழுதுவது வேலை. அம்மாவின் சொந்தத் தம்பி மூன்று நிமிஷம் தாமதமாக வந்த நாளில், அவனுக்கு அரை நாள் சம்பளம் போகும் என்று தெரிந்தும் மூன்று நிமிஷம் என்றே எழுதியவர். அதற்காக அந்த மாமா எங்கள் வீட்டுக்கு ஒரு வருஷம் வரவில்லை. அப்பாவின் கையால் பொய்யாக எதுவும் எழுதப்பட்டதில்லை என்று இன்றைக்கும் நான் சத்தியம் செய்வேன்.

அந்த அப்பா சொன்னார்: "பட்ச்சிகினு கீறான் பாய். அட்த்த மாசம் வருவான்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சில்லு தெறித்த பள்ளம் அங்கேயே இருந்தது. விரல் நுனியை அதில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"நல்லா படிக்கட்டும்" என்றார் பாய். நாலாவது தட்டைத் திருப்பி எடுத்துப் போனார். நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்போது வாழையிலையில் கட்டி, மேலே செய்தித்தாள் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலத்தை அம்மா முன்னால் வைத்தார். "அவனுக்கு. நல்லதா பாத்து எட்த்து வெச்சேன். மேஜையில அடிக்கச் சொல்லாத, கையில தட்டச் சொல்லு."

அம்பத்தூர் வரையில் பஸ்ஸில் அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அன்று சாயங்காலம் அண்ணன் படத்துக்கு விளக்கேற்றி, இலை போட்டு, அதைப் படைத்தாள். செத்தவர்களுக்குப் பிடித்ததைப் படைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். மாசாமாசம் அமாவாசையன்று அவளும் வடையும் கறியும் ஆக்கிப் படைத்துக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்கு இருந்த வித்தியாசத்தை அவளே சொன்னாள்.

"இது நான் ஆக்கனது இல்ல. நான் கேட்டும் வாங்கல. அவன் கீறான்னு நெனச்சி அவனுக்குன்னு ஒருத்தர் எட்த்து வெச்சது."

விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு அப்பாவிடம் கேட்டாள்: "அந்த ஆஸ்டல்ல மாசாமாசம் போய் பாக்க வுடுவாங்களா?"

"ரெண்டாவது சனி, ஞாயிறு வுடுவாங்க."

"போட்டுக் குடுங்க கையெழுத்த."

என் படிப்பு இப்படித் தொடங்கியது. திறமையின் அடிப்படையில் இடம் கிடைத்தது என்று பிற்காலத்தில் பல விண்ணப்பங்களில் எழுதியிருக்கிறேன்.

ஆஸ்டலில் பார்வையாளர் அட்டை என்று ஒன்று உண்டு. மாணவியை வெளியே அழைத்துப்போக உரிமையுள்ளவர்களின் பெயர், உறவு, மாதிரிக் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். 'சகோதரர்' என்ற கட்டத்தில் அப்பா கோணாமல் 'இல்லை' என்று எழுதினார். மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அந்த அட்டையை வாட்ச்மேனிடம் காட்டி, என்னைக் கையெழுத்துப் போட்டு வெளியே எடுப்பார். அங்கிருந்து நேராகப் பூந்தமல்லி பாய் ஓட்டல். பச்சைத் திரைக்கு வெளியே அண்ணன் இல்லை. உள்ளே போனால் இருந்தான்.

அவன் வளர்ந்தான். பி.எஸ்ஸி. இரண்டாவது வருஷம் பாஸ் செய்தான். அப்பாதான் தேர்வு முடிவைச் சொன்னார். பாய் கை குலுக்கினார். மீசை விட்டான். என்.சி.சி.யில் சேர்ந்து முழங்காலில் அடிபட்டுக்கொண்டான். அதைச் சொன்னது அம்மா. அவள் இந்த விவரத்தை எங்கிருந்து எடுத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் தெருவில் யாரும் என்.சி.சி.யில் இல்லை.

"சரியா துன்றதே இல்ல பாய். எளச்சிட்டான்" என்பாள்.

"வயசு அப்பிடி மா. நம்ம ஊட்டு பசங்களும் அப்பிடித்தான். கூட்டியா, நான் துன்ன வெக்கிறேன்."

"அட்த்த மாசம்" என்பார் அப்பா.

ஒருநாள் பாய் என்னைப் பார்த்து, "அண்ணனும் அதே காலேஜ்தானே? உன்கூடவே வர்லாமே கண்ணு?" என்று கேட்டுவிட்டார். நான் தட்டைப் பார்த்தேன். அந்த அறைக்குள் நான் வாய் திறப்பதில்லை என்று வைத்திருந்தேன். பொய் சொல்லவும் மாட்டேன், அவர்களைக் காட்டிக் கொடுக்கவும் மாட்டேன். இதை அப்போது பெரிய நேர்மை என்று எண்ணியிருந்தேன். அப்பா தண்ணீர் குடித்துவிட்டு, "மாத்தல் வாங்கிகினு டவுன் காலேஜுக்குப் போய்ட்டான்" என்றார். படிப்பின் நடுவில் அப்படி மாற்றல் தர விதியில்லை. பாய் விதி படித்தவரில்லை.

போகும்போது பொட்டலம். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ரம்ஜான் மாதத்தில் பகலில் ஓட்டல் பாதி மூடியிருக்கும். அப்போதும் பாய் தன் வீட்டிலிருந்து நல்லி கொண்டுவந்து வைத்திருந்தார், தான் பச்சைத் தண்ணீர் குடிக்காமல்.

மே மாத லீவில் கள்ளிக்குப்பத்துக்கு வந்தபோது பரணில் ஏதோ தேடினேன். பழைய பிஸ்கட் டப்பா ஒன்று கைக்கு வந்தது. அசைத்தால் கடகடவென்றது. திறந்தேன். உள்ளே நல்லி எலும்புகள். தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, சுண்ணாம்பு போல வெளுத்திருந்தன. எல்லாமே உள்ளே காலி. படைத்த பிறகு அப்பா அதைத் தட்டிச் சாப்பிட்டிருக்கிறார், கையில் தட்டி. எலும்பைத் தெருவில் எறிய அம்மாவுக்கு மனசு வரவில்லை. டப்பாவை இருந்த இடத்தில் வைத்துவிட்டு இறங்கினேன். எண்ணவில்லை. எண்ணியிருந்தால் என் ஆஸ்டல் மாதங்கள் வந்திருக்கும்.

எனக்கு ஆஸ்டலில் மூன்றாவது வருஷம். அண்ணன் அதற்குள் பி.எஸ்ஸி. முடித்து வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தான். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை பாய் தட்டுகளை வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"அண்ணாத்தே, நான் வேலைய வுட்றேன். கால் நிக்க மாட்டேங்குது. வாணியம்பாடியில பொண்ணு ஊட்டோட போய் இருந்துக்கலாம்னு. அட்த்த மாசம் உங்க ஞாயித்துக்கெழமதான் எனக்குக் கடைசி நாளுன்னு மொதலாளிகிட்ட சொல்லிட்டேன்." அம்மா பக்கம் திரும்பினார். "தங்கச்சி, இத்தினி வருசமா அவனுக்கு எட்த்து வெச்சேன். ஒரு தபா அவன என் கண்ல காட்டிட்டுப் போ. வேற ஒண்ணும் கேக்கல."

"கூட்டியாறேன் பாய்" என்றாள் அம்மா.

அப்பாகூட அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த மாதம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேன் ஆள் அனுப்ப, ஆஸ்டல் வாசலுக்குப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துத் தனியே இழுத்துப் போனாள். தூங்காத கண்கள்.

"கேட்டா, வடக்க வேலைக்குப் போய்ட்டான், நேத்துதான் ரயில் ஏறனான்னு நீ சொல்லு. உங்க நைனாவுக்கு வாய் வர்ல. நீ பட்ச்சவ, நீ சொன்னா நம்புவாரு."

"நான் சொல்ல மாட்டேம்மா."

"இன்னிக்கு ஒரு நாளுடி. அவரு ஊருக்குப் போய்ருவாரு. அப்புறம் அவருக்கு எப்பவும் உங்க அண்ணன் வடக்க கீறான்."

"பொய்தானேம்மா?"

"அப்ப சும்மா குந்தியிரு. நானே சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத, அது போதும்" என்றாள்.

அவ்வளவுதான் என்னிடம் கேட்கப்பட்டது. மூன்று வருஷமாக நானாகவே செய்துவந்த காரியம்.

பாய் அன்று கைலி கட்டவில்லை. வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட ஜிப்பா, அத்தர். எங்கள் அறையில் ஐந்தாவதாக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். "இன்னிக்கி நான் எட்த்தார மாட்டேன். உங்ககூட குந்தி துன்றேன்" என்று உட்கார்ந்தார். வேறொருவர் ஐந்து தட்டு கொண்டுவந்து வைத்தார். நாலு தட்டிலும் கொஞ்சம் கொஞ்சம். ஐந்தாவதில், காலியான நாற்காலிக்கு எதிரில், நான் அதுவரை பார்த்ததிலேயே பெரிய நல்லி.

"எங்க அவன்?"

"பின்னால வர்றான்" என்றார் அப்பா. வடக்கு, ரயில், எதுவும் அவருக்கு நினைவு வரவில்லை. அம்மா ஒன்றைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் இதைச் சொல்லிவிட்டார். சொன்னதை இனி மாற்ற முடியாது.

"அப்ப வர்ட்டும். சேந்து துன்னலாம்" என்று பாய் கையைக் கட்டிக்கொண்டார்.

உட்கார்ந்திருந்தோம். வெளியே பஸ்கள் வந்தன, போயின. செருப்புச் சத்தம் திரைக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் பாய் நிமிர்ந்தார். இதில் விசித்திரம் என்னவென்றால் அம்மாவும் நிமிர்ந்தாள். ஒவ்வொரு தடவையும். நானும் நிமிர்ந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். மேஜை மேல் தட்டுகளில் ஆவி அடங்கியது. அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரம் பேருக்குத் தாமதம் எழுதியவர்.

"பஸ் கெடச்சிருக்காது" என்றார்.

"ஞாயித்துக்கெழம அப்பிடித்தான்" என்றார் பாய்.

நல்லியின் மேல் கொழுப்பு வெள்ளையாக உறைந்தது. அம்மா விரலை அந்தப் பள்ளத்தில் வைத்திருந்தாள். திரை ஆடியது. காற்றுதான். அம்மா பாதி எழுந்தேவிட்டாள், முகத்தில் ஒரு சிரிப்போடு. அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணன் செத்துட்டான் பாய்" என்றேன். "நாலு வருசத்துக்கு மேல ஆச்சு."

பாய் சிரித்தார். "இன்னா கண்ணு, லேட்டுன்னு கோவமா? அதுக்கு இப்பிடியா பேசுவாங்க?" என்று அப்பாவைப் பார்த்தார். பிறகு அம்மாவை. அம்மாவின் விரலைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"எப்போ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இங்க வந்துட்டுப் போய் பத்தொம்பதாம் நாளு" என்றார் அப்பா. அந்த அறையில் அவர் சொன்ன முதல் உண்மை. வாசலில் நேரம் சொல்லும் குரலில் சொன்னார். எழுந்து, சாப்பிடாத கையைக் கழுவப் போனார்.

பாய் தன் தட்டை ஓரமாக நகர்த்தினார். பிறகு, "ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஓதிக் குட்த்திருப்பனே தங்கச்சி" என்றார். "உசுரோட கீற புள்ளைக்குன்னுதானே எட்த்து வெச்சேன் இத்தினி நாளும்."

அவரே இலை கேட்டு வாங்கி, அந்த நல்லியை வைத்து, வழக்கம்போல மடித்து, செய்தித்தாள் சுற்றி, அம்மாவிடம் நீட்டினார். அம்மா கை நீட்டவில்லை.

"செத்தவனுக்கு நானே ஆக்கி வெச்சிப்பேன் பாய்" என்றாள். "உங்க கையால வந்தது மத்தவனுக்கு."

பொட்டலம் மேஜையில் இருந்தது. நாங்கள் வெளியே வந்தோம். திரும்பிப் பார்த்தபோது பாய் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார், ஐந்து தட்டுகளோடு.

ஆஸ்டல் வாசலில் அப்பா கையெழுத்துப் போட்டு என்னைத் திருப்பி ஒப்படைத்தார். அம்மா என்னிடம் கோபமாகப் பேசவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள்: "உனக்கு இன்னாடி போச்சு?"

ஒரு சாவை நெருங்கிய உறவினர் உரிய இடத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அப்பா பஞ்சாயத்தில் எழுதிவைத்ததோடு அது முடிந்திருந்தது. இரண்டாவது தடவை போய்த் தெரிவித்தது நான்.

அதன் பிறகும் அவர்கள் மாதாமாதம் வந்தார்கள். ஆஸ்டல் வாசலில் பார்வையாளர் கொட்டகையின் பெஞ்சில் உட்கார்ந்து, அம்மா கொண்டுவந்த அடுக்குச் சட்டியிலிருந்து சாப்பிட்டோம். நாங்கள் குடும்பமாக ஓட்டலில் சாப்பிட்டது அதோடு சரி. அண்ணனைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மீசை, முழங்கால் காயம், பி.எஸ்ஸி. எல்லாமே அந்த அறையிலேயே தங்கிவிட்டன. லீவில் பரணில் தேடிப் பார்த்தேன். டப்பா இல்லை.

எழுபதுகளின் கடைசியில், உயர்கல்வி இலாகாவில் ஒரு மேஜை எனக்குக் கிடைத்திருந்தபோது, ஆய்வுக் குழுவோடு அந்தக் கல்லூரிக்குப் போனேன். இரண்டு நாள் வேலை. சேர்க்கைப் பதிவேடுகளைச் சரிபார்ப்பது என் பங்கு. சிவப்புத் துணி அட்டை நைந்திருந்தது. பக்கத்தைத் தேடவில்லை, அதுவாகத்தான் வந்தது. நீல மையில் அவன் பேர், அப்பா பேர், கள்ளிக்குப்பம். சேர்ந்த நாள் இருந்தது. 'விலகிய நாளும் காரணமும்' என்ற கட்டம் காலி. சேர்ந்து வராத மாணவன் பேரைச் சிவப்பு மையில் அடித்து, காரணம் எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். செய்யாமல் விட்டிருந்தார்கள். அந்தப் பதிவேட்டில் அப்படி விட்டுப்போன மற்ற பேர்களுக்கெல்லாம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டேன். அந்த ஒரு வரியில் மட்டும் பேனாவை வைக்காமல் பக்கத்தைத் திருப்பினேன். என் உத்தியோகத்தில் நான் தெரிந்தே விட்ட ஒரே குறை அது.

சாயங்காலம் வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு வயசு அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை நிறுத்தினாள்.

"அடிக்கலியா பேர?"

"அடிக்கலம்மா."

"இன்னா ஆனான்னு எழுதிக்கீது?"

"ஒண்ணும் எழுதல. காலியா கீது."

அவள் முறத்தில் கல் ஒன்றைப் பொறுக்கினாள். "அப்ப கீறான்" என்றாள். மறுபடி புடைத்துக்கொண்டே, "நீ வர்ற வழி பூந்தமல்லிதானே?" என்றாள்.

மறுநாள் காலை நான் கிளம்பும்போது என் பைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தூக்குச் சட்டி இருந்தது. காலி. அம்மா கிணற்றடியில் இருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு.

வேலை முடிந்து மாலை நாலு மணிக்கு அந்த ஓட்டலுக்குள் போனேன். பச்சைத் திரை நீலமாகியிருந்தது. பளிங்கு மேஜைகள் போய் சன்மைக்கா வந்திருந்தது. விளிம்பைத் தடவிப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது, எங்கேயும் எதுவும் இல்லை. நடுவயது ஆள் ஒருவர் வந்தார். முன்பின் தெரியாதவர்.

"இன்னாமா வேணும்?"

"ஒரு நல்லி. பார்சல்." தூக்கை மேஜையில் வைத்தேன்.

"நல்லி மட்டுமா? சோறு வேணா?"

"நல்லி மட்டும். எங்க அண்ணனுக்கு."

"நல்லிய மட்டும் கேட்டு வாங்கற ஆளா!" என்று அவர் சிரித்தார். தூக்கை எடுத்துக்கொண்டு திரும்பியவர், திரையருகே நின்றார். "அவரயும் இட்டாந்திருக்கலாமேமா. சுடச்சுட துன்னாதானே நல்லாருக்கும்?"

நான் காலி நாற்காலிகளைப் பார்த்தேன்.

"அட்த்த மாசம் வருவான்" என்றேன்.